காயாத செட்டை

பாயில் பரப்பியிருந்த சுறாத் துடுப்புகளில், அந்தச் செட்டைகளில், ஒன்று மட்டும் காயவே இல்லை. பாலமுனைக் கரையின் பங்குனி வெயிலில் மற்றவையெல்லாம் தகடாக விறைத்துவிட்டன. அந்தப் பெரிய முதுகுச் செட்டையை உம்மு தொட்டபோது விரல் நனைந்தது. முகர்ந்தாள். கருவாட்டு வாடையில்லை. பச்சை இரத்தம்.

“இது என்ன சுறா மச்சான்?”

கொழும்புச் சீனக் கடைகளுக்குச் செட்டை அனுப்பும் அவள் கணவன் சாலிஹ் சிரித்தான்.

“அது புள்ளத்தாச்சி. வயித்துக்குள்ள குட்டியெல்லாம் நெளிஞ்சிச்சு. பாவமெண்டு செட்டைய மட்டும் அறுத்துட்டு உசிரோட கடல்ல தள்ளி உட்டுட்டன்.”

புண்ணியம் செய்தவன் மாதிரித்தான் சொன்னான். பிறந்து நாற்பது நாள் கழியாத மகனை ஏணைத் தொட்டிலில் கிடத்தியிருந்த உம்மு, நனைந்த விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வீட்டுத் தரையை அரித்துப்போயிருந்தது. சுறாவை அறுத்த கரையிலிருந்தே சாலிஹ் மணல் ஏற்றிவந்து அறை முழுக்கக் கொட்டியிருந்தான். நடந்தால் கணுக்கால் புதையும்.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டதும் அவன் பள்ளிக்குப் போனான். உம்மு செட்டைகளை அள்ளப் போனாள். பெரியதைக் காணவில்லை. பாயிலிருந்து அறைவாசல்வரை முற்றத்து மணல் கலப்பை போனது போலப் பிளந்து கிடந்தது. நாய் இழுத்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். நாயின் காலடி ஒன்றுகூட இல்லை.

பிள்ளையின் நினைவு வந்ததும் ஓடினாள். விளக்கேற்றாத அறைக்குள் வேப்பிலைப் புகையும் பால் வாசனையும் மங்கி, உப்பும் இரத்தமும் மூக்கில் ஏற, தரைக்கடியில் ஏதோ மெதுவாக அரைபடுவதைப் போல மணல் சரசரத்துக்கொண்டிருந்தது.

ஏணைக்கு நேர்கீழே அந்தச் செட்டை நிமிர்ந்து நின்றது.

அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு செட்டைகள். விரலளவு. வட்டமிட்டன.

எப்படிப் பாய்ந்தாளோ தெரியாது. பிள்ளையை அள்ளிக்கொண்டு கட்டிலில் ஏறிவிட்டாள். செட்டைகள் கட்டிலை நெருங்கவில்லை. பிள்ளையைத் தேடவுமில்லை. வாசல் பக்கம் திரும்பி, அசையாமல் காத்திருந்தன.

முற்றத்தில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

“என்ன புள்ள, விளக்குக் கொளுத்தல்லயா?”

வராதீங்க என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

செட்டைகள் எல்லாம் ஒன்றாக அமிழ்ந்தன. மணல் மட்டமாகிவிட்டது, காலையில் அவள் பரப்பிவிட்ட மாதிரியே.

“எங்க என்ட மகன்?” என்று கைகளை நீட்டியபடி, சாலிஹ் வெறுங்காலை மணலில் வைத்தான்.