மில்லிக்குள் ஒரு கை

பொம்மையின் உள்ளே கதகதப்பாக இருந்தது.

படப்பிடிப்புக்காக உயர்த்திக் கட்டிய மரத்தளத்துக்கு அடியில், சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலிருந்த ஓட்டை வழியாக வலது கையை மில்லி என்ற அந்தப் பொம்மைக்குள் நுழைத்தபோதே ரெனாட்டாவுக்கு அது தட்டுப்பட்டது. விளக்குச் சூடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ரப்பரும் பசையும் பழைய வியர்வையும் கலந்த வாடை, பலகைமேல் நடக்கிறவர்களின் ஷூ சத்தம், யாரோ கடித்த டோனட்டின் சர்க்கரைத்தூள் இடுக்கு வழியாக மூக்கில் உதிர்வது எல்லாம் முதல் பாகத்திலேயே பழகியவை. இந்தச் சூடு மட்டும் புதுசு.

கொலைகாரப் பொம்மைகளைப் பற்றிய சினிமாவின் இரண்டாம் பாகம் இது. இன்றைய காட்சிக்குச் சிரிப்பு வராவிட்டால் மீதியைக் கம்ப்யூட்டரில் செய்துகொள்வதாகத் தயாரிப்பாளர் காலையில் சொல்லிவிட்டார். பொம்மைகள் குப்பைக்கு, ரெனாட்டா வீட்டுக்கு. "போய்யா, பார்த்துடலாம்" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"ஆக்‌ஷன்!" என்றாள் இயக்குநர் லோர்னா.

மில்லியின் தலையும் வாயும் ரெனாட்டாவின் கை. கண்கள் மட்டும் மேலே ரிமோட்டோடு நிற்கும் கஸ்ஸின் வேலை. கேமரா பிடிப்பதை வயிற்றின்மேல் வைத்திருந்த சின்ன டிவியில் பார்த்தபடியே ஆட்டினாள். கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தபால்காரரைப் பார்த்து மில்லி வெட்கப்பட்டாள். இமைகள் படபடத்தன. மேலே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கண்ணுல கலக்கிட்ட கஸ்," மைக்கில் கிசுகிசுத்தாள்.

"நானா? பேட்டரி போயிடுச்சு. இதோ கையில வச்சிருக்கேன். நீதான் ஏதோ பண்றேன்னு நினைச்சேன்."

அவள் செய்தாள் என்று அவன். அவன் செய்தான் என்று அவள். காலையிலிருந்து இப்படித்தான் மாறி மாறிப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிவியில் மில்லி குனிந்து தளத்தைப் பார்த்தாள். ரெனாட்டா குனியவைக்கவில்லை.

கையை வெடுக்கென்று உருவினாள். பொம்மை சரியவில்லை. வாய் அசைந்தது.

"கட் இல்ல, ஓடட்டும்!" லோர்னா கத்தினாள். "மூணாம் பாகத்துக்கும் மில்லிதான்! ரெனாட்டா, நீ தெய்வம்டி!"

ரெனாட்டாவுக்குப் பயத்தைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. இரண்டு படம். முதுகு ஒடிய இந்த இருட்டில் கிடந்தது அவள். கம்ப்யூட்டருக்கே விட்டுக்கொடுக்காதவள் இந்த ரப்பருக்கா விடுவாள்?

"என் கை இல்லாம ஆடுவியா? வாடி, பார்க்கலாம்."

முழங்கைவரை திணித்தாள்.

ஈரம். சின்னச் சின்ன விரல்கள். அவள் விரல்களுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்தன. கையுறை மாட்டுவதுபோல.

"விடுடி!"

இழுத்தாள். காலை உதைத்து இழுத்தாள். வரவில்லை.

கஸ்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. வாய் மூடியது. திறந்தது. மூடியது. அவள் மூடவில்லை.

வயிற்றின்மேல் கிடந்த அவளுடைய இடது கை மெல்ல எழுந்தது. ஓட்டை வழியாக வெளிச்சத்துக்குப் போனது. டிவியில், அசையாமல் சிரிக்கும் மில்லியின் பக்கத்தில், அது எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. மேலே சிரிப்பு அடங்கவே இல்லை.