ஒன்பது பேர் இல்லாத கடற்கரை

படத்தில் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வேதவல்லி புகைப்படத்தை மேசை விளக்குக்குக் கீழே இழுத்துப் பார்த்தாள். வெறிச்சோடிய மணல், தென்னை, அலை. நடுவில் மூன்று கல் கூட்டிய அடுப்பின்மேல் பொங்கி வழியும் சோற்றுப்பானை. அதை இறக்கி வைக்க ஒரு ஆள் இல்லை.

படத்தோடு புகைப்படக்காரர் பிரான்சிஸின் கடிதமும் வந்திருந்தது. "முன்பு இங்கே கரைவலை இழுத்த ஒன்பது பேரைக் காணோம். பக்கத்து ஊரில் விசாரித்தேன். இந்தக் கரையில் எந்தக் காலத்திலும் ஆள் குடியிருந்ததில்லை என்கிறார்கள். சோறோ கொதிக்கிறது. நான் கிளம்புகிறேன்."

அந்த ஒன்பது பேரை வேதவல்லிக்குத் தெரியும். அக்டோபரில் அவர்களை அழித்ததே அவள்தான்.

டொராண்டோவில் பனிக்காலம் வந்தால் காசுள்ளவர்கள் வெயில் தேடி ஓடுவார்கள். அவர்களுக்காக மேற்கு ஆப்பிரிக்காவின் அமைதியான கடற்கரைகளைப் பற்றி ஒரு கையேடு போட்டுக்கொண்டிருந்தார் தாமோதரன். யங் தெருவில், ஒரு செருப்புக்கடை மாடியில் இரண்டே அறை. படங்களைத் திருத்தும் 'டச்சிங்' வேலைக்கு, மெட்ராஸ் ஸ்டூடியோ ஒன்றில் ஆறு வருடம் கை பழகிய வேதவல்லியை வைத்திருந்தார். கடற்கரை என்றால் மீன் காயும், வலை காயும், மனிதர்கள் இருப்பார்கள். கையேட்டுக்கு அது ஆகாது. வலை இழுத்த ஒன்பது பேரைப் பிளேடால் சுரண்டி, மேலே மணல் நிறம் பூசினாள். சம்பளம் வாங்கினாள். படத்தில் அழித்தால் படத்தில்தானே போவார்கள் என்று அப்போது நினைத்தாள்.

சாம்பல் நிறக் கோட்டில் தாமோதரன் எட்டிப் பார்த்தார். புதுப்படத்தைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"பாத்தியா வேதா, டச்சிங்கே வேணாம். சுத்தமா இருக்கு."

"சார், லெட்டரைப் படிச்சீங்களா?"

"அவன் குடிச்சிட்டு எழுதியிருப்பான். இந்தா, இன்னும் ஏழு பீச். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரையும் எடுத்துடு."

ஏழு படங்கள். கருவாடு புரட்டும் பெண்கள், படகு தள்ளும் ஆண்கள், அலையில் குதிக்கும் பிள்ளைகள். எண்ணினால் நூறு பேர் தேறும்.

"மாட்டேன் சார்."

"என்னது?"

"இந்தக் கையால இனி ஒரு ஆளைக்கூட அழிக்க மாட்டேன். வேணும்னா வேலைய விட்டு அனுப்புங்க."

அவர் கதவை அறைந்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். வேதவல்லிக்கு ஆத்திரம் பொங்கியது. அழிக்கத் தெரிந்தவளுக்கு வரையத் தெரியாதா? அக்டோபரில் சுரண்டிய பழைய படத்தை எடுத்து வைத்து, தூரிகையை நனைத்தாள்.

சாயங்காலம் நாலரைக்கே ஜன்னல் இருண்டுவிட்டது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சீறியது; கீழே தண்டவாளத்தில் ஸ்ட்ரீட்கார் மணியடித்துப் போனது; எங்கிருந்தோ கருவாடு சுட்ட புகை மணம் அறைக்குள் மெல்ல இறங்கி அவள் நாக்கில் ஒட்டியது. பச்சைத்துணி கட்டிய பெண்ணை முதலில் வரைந்தாள். பிறகு தொப்பிக்காரர். பிறகு உயரமான அண்ணன் தம்பிபோல இருவர். உடல்கள் நினைவில் இருந்தன. முகங்கள் இல்லை. அவ்வளவு தூரத்துப் படத்தில் முகமென்பது ஒரு புள்ளிதான். ஆனாலும் கை நிற்கவில்லை, பழகிய கை. ஒவ்வொரு முகத்திலும் இரண்டு கண், கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு.

ஐந்தாவது ஆள். பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

ஏழாவது. பலகைத் தரையில் ஈரக் கயிறு உரசும் ஓசை.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை நின்றுவிடும்.

ஒன்பது.

ஓசை நின்றது. அப்போதுதான் தான் செய்ததை உணர்ந்தாள். அவை பிணத்துக்கு வரையும் கண்கள். மெட்ராஸ் ஸ்டூடியோவில் அதுதான் அவள் வேலை: இறந்தவரைப் படமெடுத்துக் கொண்டுவருவார்கள், சுவரில் மாட்டி மாலை போடுவதற்காக மூடிய கண்ணைத் திறந்ததாக வரைந்து கொடுப்பாள். வெள்ளைப் பொட்டு வைத்தால் உயிர் வந்ததுபோல இருக்கும். அந்தக் கண் பிறகு மூடாது.

மெதுவாகப் புதுப்படத்தைப் பார்த்தாள். அதில் ஒன்பது பேர் நின்றார்கள். அடுப்புப்புகை நேராக அவர்கள் முகத்தில் அடித்தது. யாரும் இமைக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"என்ன பண்ணி வச்சிருக்கே?" தாமோதரன் தோளுக்கு மேலாகக் கத்தினார். "நல்ல படத்தைக் கெடுத்துட்டியே! அழி!"

"மாட்டேன்."

"நானே சுரண்டறேன்." பழைய படத்தையும் பிளேடையும் பிடுங்கினார்.

"வேண்டாம் சார். அவங்க பாத்துக்கிட்டிருக்காங்க."

தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பிளேடு சுரண்டியது. கிறீச். கிறீச். நின்றது.

நாற்காலி நகர்ந்தது. கொஞ்சம். நின்று, மறுபடி கொஞ்சம். ஒன்பது பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்து இழுக்கிற தாளத்தில்.

வேதவல்லி கதவைத் திறந்தாள். அறையில் யாருமில்லை. நாற்காலி மேசையில் முட்டிக் கவிழ்ந்து கிடந்தது. தரையெல்லாம் உப்புத்தண்ணீர். மேசைமேல் படம், பக்கத்தில் பிளேடு. ஒன்பது பேரும் இப்போது கடலைப் பார்த்துச் சாய்ந்து கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அலைக்குள் வலை கனத்துக் கிடந்தது.

ஒன்பது பேரைச் சுரண்டிவிட்டால் வலை நின்றுவிடும். தாமோதரன் பிழைக்கலாம். பிளேடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, "மாட்டேன்," என்று உரக்கவே சொன்னாள். யாருக்கென்று தெரியவில்லை.

ஒரு இழுப்பு. வலை கரையேறியது. மீன்களுக்கு நடுவே சாம்பல் நிறக் கோட்டுக் கை ஒன்று, கண்ணிகளைப் பிய்த்துக்கொண்டு அவள் பக்கமாக நீண்டிருந்தது.

இன்னொரு இழுப்பு.