நாலாவது பழம்

முதல் நாள் சாயங்காலம் பூசிய சிமென்ட்டில் காலையில் ஒரு டயர் தடம் இருந்தது. ஒன்றே ஒன்று. பானுமதி காபி டம்ளரோடு குனிந்து பார்த்தாள். கே.கே. நகரில் அவர்கள் வீட்டை ஒட்டிப் புதிதாக எழுப்பிய தகரக் கொட்டகை அது. ஜீப்புக்கு அடியில் நின்று வேலை பார்க்கத் தோண்டிய குழியின் விளிம்பை, கொத்தனார் சேக் மைதீன் நேற்றுதான் மறுபடி பூசிவிட்டுப் போயிருந்தார். சுவரோரம் கிளம்பிய தடம் அந்த ஈரத்தை மிதித்துக் குழியை ஒரு சுற்றுச் சுற்றி, சமையலறைக் கதவுக்கு முன்னால் வந்து முடிந்திருந்தது.

சைக்கிள் தடம் இவ்வளவு அகலம் இருக்காது. ஜீப் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. அதற்கு மூன்று சக்கரம்தான் மாட்டியிருந்தது. வலது பின்பக்கத்தை, உத்தரத்தில் தொங்கும் பாரந்தூக்கிச் செயின் பிளாக்கின் கொக்கி தூக்கிப் பிடித்திருக்க, நாலாவது சக்கரம் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதன் டயர் பட்டன்களுக்கு நடுவே சாம்பல் நிறச் சிமென்ட் காய்ந்துபோயிருந்தது.

கொத்தனார் எதையோ எடுக்கப்போய் உருட்டியிருப்பார் என்றான் அவள் கணவன் முருகானந்தம், பல் தேய்த்துக்கொண்டே. பானுமதியும் அதை நம்பிவிட்டாள். நம்பாவிட்டால் பிறகு அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று தோசை ஊற்ற முடியாது.

முருகானந்தத்துக்குத் தண்ணீர் மோட்டார் விற்கும் கடையில் மேனேஜர் வேலை. மனசு முழுக்கப் பழைய வண்டிகளில். அரியமங்கலத்துக் காயலான் கடை ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த அந்த ஜீப்பை வாங்கி வந்த நாளில், உங்கள் தலையில் நன்றாகக் கட்டிவிட்டான் என்று அவள் கேலி செய்தாள். அப்புறம் அவளுக்கே ஆசை தொற்றிக்கொண்டது. தில்லைநகரில் ஒரு என்ஜினியர் ஆபீசில் ஊரார் வீட்டுக்கெல்லாம் பிளான் வரைகிறவள் அவள். தன் வீட்டுக்கென்று வரைந்தது இந்தக் கொட்டகையைத்தான். வெளிச்சம் வடக்கிலிருந்து விழ வேண்டும், பெயின்ட் நெடி வீட்டுக்குள் வரக்கூடாது, செயின் பிளாக்கைத் தாங்கும் இரும்பு உத்தரம் குழிக்கு நேர்மேலே ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். வண்டி தயாரானதும் முதல் சவாரி முக்கொம்புக்கு என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பவித்ரா நாள் குறித்தே வைத்திருந்தாள்.

கொட்டகைக்கும் வண்டிக்கும் சேர்த்து ஒரு வெள்ளிக்கிழமை பூஜை போட்டார்கள். லேத் பட்டறைக்குப் போன பிரேக் டிரம் வந்து சேரவில்லை, அதனால்தான் நாலாவது சக்கரத்தை மாட்ட முடியவில்லை. ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அழகர்சாமி, இருக்கிற மூன்றுக்கும் இப்போது வைப்போம், நாலாவதை மாட்டும்போது அதற்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மூன்று சக்கரத்துக்கு அடியில் மூன்று எலுமிச்சம்பழம் வைத்து, செயின் பிளாக் உத்தரத்தில் கூடவே உருண்டு வர வண்டியை ஒரு முழம் தள்ளினார்கள். பழங்கள் சத்தமில்லாமல் நசுங்கின. நாலாவது பழத்துக்குக் குங்குமம் தடவி, சாய்ந்து கிடந்த சக்கரத்தின் நடு ஓட்டையில் வைத்துக் கற்பூரம் காட்டினார் அழகர்சாமி.

வெயில் மண்டையைப் பிளந்தது. வந்தவர்களுக்கு ஜூஸ் போடலாம் என்று பார்த்தால் வீட்டில் ஒரு எலுமிச்சம்பழம்கூட மிச்சமில்லை. சாமிக்குக் காட்டிய பழம் வீணாகக் கூடாது என்று பானுமதி அதை எடுத்துவந்து கழுவிப் பிழிந்தாள். நல்ல சாறுள்ள பழம். கொத்தனார் குடித்தார், அழகர்சாமி குடித்தார், முருகானந்தம் குடித்தான். ஜக்கில் மிச்சமிருந்ததைப் பவித்ரா அப்படியே அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். பானுமதிக்கு அன்றைக்கு விரதம்.

அந்தத் தடம் விழுந்தது அதற்கு மறுநாள் காலையில்.

அடுத்த வாரம் அழகர்சாமி போன் செய்தார். திருவானைக்காவலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த சேக் மைதீனை லாரிச் சக்கரம் அடித்துவிட்டதாம். லாரி இல்லை, சக்கரம். ஓடிக்கொண்டிருந்த லாரியிலிருந்து வலது பின்சக்கரம் கழன்று ரோட்டைக் கடந்து வந்திருக்கிறது. சரிவு அந்தப் பக்கம் இருக்க, அது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பெஞ்சில் இருந்த மற்றவர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். அவரைச் சுவரோடு வைத்து அழுத்தி, விழாமல் அப்படியே சுற்றிக்கொண்டே இருந்ததாம். சுவரைக் கழுவ மூன்று குடம் தண்ணீர் போதவில்லை என்று சொல்லி அழகர்சாமி அழுதார்.

அன்று சமையலறையில் நின்றபோது பானுமதிக்கு ரப்பர் நெடி அடித்தது. வெயிலில் காய்ந்த ரப்பர். அதற்குள்ளிருந்து லேசாக எலுமிச்சை வாசம். சுவருக்கு அந்தப் பக்கம் கனமாக ஏதோ உருளும் சத்தம், கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி ஓடி. போய்ப் பார்த்தால் சக்கரம் சுவரில்தான் சாய்ந்திருந்தது. ஆனால் நேற்று அதன் காற்று வால்வு கீழ்ப்பக்கம் இருந்தது. இன்றைக்கு மேல்பக்கம் இருந்தது.

பத்து நாள்கூட ஆகவில்லை, அழகர்சாமி செத்துப்போனார். பால்பண்ணையில் அவருடைய பட்டறையில் டயர் வெடித்து, இரும்பு வளையம் பறந்துவந்து முகத்தில் வெட்டியிருந்தது. துக்கத்துக்குப் போனபோது கழுத்துக்கு மேலே முழுக்கத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். துணிக்குள்ளே தலை இருக்க வேண்டிய உயரம் இல்லை. அழகர்சாமியின் தம்பி வந்து, முருகானந்தத்தைத் தனியாக அழைத்துப்போய், அந்த டயருக்கு யாரும் காற்றே அடிக்கவில்லை அண்ணே, ஓஸ் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆட்டோவில் திரும்பும் வழியில் பானுமதிக்குக் கழுவிக் கவிழ்த்த மூன்று டம்ளரும் ஜக்கும் ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வந்தது. இரண்டு முகம் போய்விட்டது. மிச்சம் இருப்பது பவித்ராவும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முருகானந்தமும். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அது அந்தச் சக்கரத்துக்கு வெச்ச பழங்க. நான் எடுத்துப் பிழிஞ்சு உங்க எல்லாருக்கும் குடுத்துட்டேன். அதோட பங்கை அது எடுத்துக்குது."

அழகர்சாமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்த முருகானந்தம், இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. வேண்டாத வண்டி, காயலான் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டான். கடனை வைத்துக்கொண்டு எங்கே அனுப்பினாலும் அது தேடி வரும் என்றாள் அவள். டிரம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தை மாட்டி, புதுப் பழம் ஒன்றை அதற்கு நசுக்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. அவள் ஒரு பை நிறையப் பழம் வாங்கிவைத்தாள்.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பவித்ரா டியூஷனுக்குப் போயிருந்தாள். முருகானந்தம் ஏணி வைத்துக் குழிக்குள் இறங்கி, பிரேக் பைப்பை முடுக்கிக்கொண்டிருந்தான். தகரத்தில் விழுந்த மழையில் பேச்சே கேட்கவில்லை. கிரீஸ், மண்ணெண்ணெய், ஈரமண் நெடி. கரண்ட் போனது. வடக்கு ஜன்னலில் வந்த வெளிச்சமும் மேகத்தில் கரைந்து, கொட்டகை முழுக்கச் சாம்பலாகிவிட்டது. சக்கரத்தை உருட்டிக்கொண்டு வரச் சொல்லி அவன் குழிக்குள்ளிருந்து கத்தினான். அவள் சுவரைப் பார்த்தாள்.

சுவரில் சக்கரம் இல்லை.

மழைக்குள்ளே அந்தச் சத்தம். கொஞ்சம் ஓடி. நின்று. பிறகு உத்தரத்தில் செயின் பிளாக்கின் இரும்புப் பல் டக்கென்று உடைந்தது. செயின் சரசரவென்று ஓடியது. ஜீப்பின் பின்பக்கம் குழிக்குள் இறங்கியது. அவள் பாய்ந்து செயினைப் பிடித்தாள். கையைக் கிழித்துக்கொண்டு இரண்டு முழம் ஓடி, நின்றது.

குழிக்குள்ளிருந்து எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவன் அலறினான். அச்சு அவன் தோளைச் சுவரோடு வைத்து நசுக்கியிருந்தது. முகம் சிமென்ட்டில் பதிந்து கிடந்தது. இடது கை மட்டும் வெளியே வந்து விளிம்பைப் பிடித்திருந்தது.

"விட்டுடாத பானு. இன்னும் நாலு விரக்கடை இறங்கினா என் கழுத்துதான்."

அவள் காலைக் குழி விளிம்பில் உதைத்துக்கொண்டு செயினை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள். விடமாட்டேன் என்றாள். யாராவது வாங்க என்று கத்தினாள். மழை அதைத் தின்றுவிட்டது.

அப்போதுதான் கொட்டகை வாசலில் அதைப் பார்த்தாள். யார் கையும் படாமல் நிமிர்ந்து நின்றது. மழையில் நனைந்து கறுப்பாக மின்னியது. அவள் பார்ப்பதற்காகவே நின்றதுபோல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வாசலைத் தாண்டித் தெருவுக்கு உருண்டது.

தெருமுனையில் சைக்கிள் பெல் அடித்தது. வீட்டுக்குத் திரும்பும்போது பவித்ரா எப்போதும் இரண்டு தரம் அடிப்பாள்.

பானுமதி கத்தினாள். பவி, போ. திரும்பிப் போ. தொண்டை கிழியக் கத்தினாள். செயினை விட்டால் ஓடிவிடலாம். பத்தடிதான். விரல்களைப் பார்த்தாள். விரல்கள் திறக்கவில்லை. செயின் சதைக்குள் இறங்கியிருந்தது. விட்டால் அவன். விடாவிட்டால் பவி. ஒரு மூச்சு நேரம். இன்னொரு மூச்சு.

பெல் மறுபடி அடித்தது. பாதியில் நின்றது.

இரும்பு நொறுங்கியது. ஒரு சின்னக் குரல், "ம்மா" என்றுகூட இல்லை, அதில் பாதி. அப்புறம் ஈரமான எதன்மேலோ கனமாக ஏறி இறங்கும் சத்தம். ஏறி. இறங்கி. மறுபடி ஏறி.

மழை.

"பானு. பெல் சத்தம் கேட்டுச்சே. பாப்பா வந்துட்டாளா?"

அவள் வாசலையே பார்த்தாள்.

அது திரும்பி வந்தது. அவசரமே இல்லை. நிதானமாக உள்ளே உருண்டு, பானுமதியைத் தொடாமல் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அவள்மேல் அதற்கு ஒரு வழக்கும் இல்லை. பட்டன்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் கம்பி வளைந்து சிக்கியிருந்தது. ஒரு நீல ரிப்பன். அதோடு ஒரு கொத்து நீள முடி, வேரோடு, தோலோடு.

குழியின் விளிம்பில் போய் நின்றது. அவன் கைக்குப் பக்கத்தில் மெல்லச் சாய்ந்தது.

முகத்தைத் திருப்ப முடியாத முருகானந்தம் கையை நீட்டித் துழாவினான். விரல்கள் முடியில் பட்டன. அலறி அலறிக் கட்டிப்போன குரலில் பிரியம் வந்தது.

"பயப்படாத பாப்பா. அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல."

அவன் அதைத் தடவிக்கொடுத்தான். பானுமதி செயினைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலையெல்லாம் நனைஞ்சிருக்கே," என்றான். "இன்னும் கிட்ட வா."