கொலைகாரன் லீக் ஆகிவிட்டான்!

போன் அலறியது!

எழுத்தாளர் பாய்ந்து எடுத்தார். மறுமுனையில் பதிப்பாளர்.

"கொன்னுட்டாங்க சார்... கொன்னுட்டாங்க!"

"ஐயையோ... யாரை?"

"உங்க நாவலை! கொலைகாரன் யாருன்னு நெட்ல போட்டு உடைச்சுட்டாங்க. செத்துப்போனவன் சாகவே இல்லையாமே... அவனேதான் கொலைகாரனாமே! நெஜமா?"

நிஜம்தான்!

நாவல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்து சக்கைப்போடு போட்டது. கடைசி அத்தியாயம் மட்டும் புத்தகத்தில்தான் என்று கறாராக அறிவித்திருந்தார்கள். அந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான் ஜனம் காசு கொடுத்து வாங்கும். அது இப்படிச் சந்தி சிரிக்கிறதே! இதற்கு முன் எழுதிய நாவல்களோ வரிசையாகப் படுத்துக்கொண்டவை. இதுவும் படுத்தால் பதிப்பாளர் தலைமுழுகிவிடுவார்.

புகார் பறந்தது. சைபர் பிரிவிலிருந்து பெண் இன்ஸ்பெக்டர் வந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"கடைசி அத்தியாயம் எந்த ஃபைல்ல சார் இருக்கு?"

"ஃபைல்லயே இல்ல மேடம்."

"பேப்பர்ல?"

"இன்னும் எழுதவே இல்ல! இங்கதான் இருக்கு." தலையைத் தொட்டுக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் அந்தத் தலையை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"அதுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க மேடம்! இது என் அறிவுச்சொத்து. எவனோ கொள்ளையடிச்சிருக்கான். உள்ளே தள்ளணும்!"

"தள்ளிடலாம். தொடரை விடாம படிச்சவ நான். எனக்கும் கடுப்புதான்."

அவருடைய செல்போன் சிணுங்கியது. கேட்டார். புருவம் உயர்ந்தது.

"பதிவு போட்டது யாருன்னு தெரிஞ்சுடுச்சு சார். உங்க கொழுந்தியா!"

"என்னது?!"

"அவளைத் திட்டாதீங்க..." கதவருகே மனைவி. தோளில் மடிக்காத துணிகள். "அவகிட்ட சொன்னது நான்தான்."

"நீயா! என் தலைக்குள்ள இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"அது உங்க தலைக்குள்ள எப்படிங்க வந்துச்சு?"

எழுத்தாளர் லேப்டாப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி தன் போனில் எதையோ தட்டினாள். தங்கைக்கு அனுப்பிய பழைய குரல் பதிவு. "கேளுடி... செத்துப்போனவன் சாகவே இல்ல..." கதை முழுசும் அவள் குரலில் ஓடியது. இன்ஸ்பெக்டர் தேதியைப் பார்த்தார். தொடர் ஆரம்பிப்பதற்குப் பல மாதம் முன்பு!

"துணி மடிச்சுக்கிட்டே தங்கச்சிக்குக் கதை சொல்லுவேன் மேடம். இவர் பக்கத்துல கண்ணை மூடிப் படுத்திருப்பார். தூங்கறார்னு நெனச்சேன்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா சந்தோஷமா குடுத்திருப்பேங்க."

எழுத்தாளருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கக்கூட முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"சார், புகார்ல திருடன் பேரு காலியா இருக்கு. யாரைப் போடட்டும்?"

"புகாரே வேணாம் மேடம்!" பதறினார். மனைவி பக்கம் திரும்பினார். "தப்புதாம்மா... மன்னிச்சுடு. ஆனா முடிவு வெளியே போயிடுச்சே! என் பொழப்பு போச்சே!"

"எங்க போச்சு? அந்த முடிவு சப்புன்னு இருந்துச்சு. எப்பவோ மாத்திட்டேன். கொலைகாரன் வேற ஆளு... தங்கச்சிக்குக்கூட சொல்லல."

"யாரு?!" எழுத்தாளரும் இன்ஸ்பெக்டரும் ஒரே குரலில்.

"மொதல்ல அட்டையில என் பேர் வரட்டும்."

எழுத்தாளர் பதிப்பாளருக்குப் போன் போட்டார்.

"சார்... நாவல் பிழைச்சுடுச்சு. எழுதினவர் பேரை மட்டும் மாத்தணும்..."

இன்ஸ்பெக்டர் நைசாக மனைவி பக்கம் நகர்ந்தார்.

"எனக்கு மட்டும் காதோட காதா சொல்லுங்களேன்... யாரு அவன்?"

"புத்தகம் வாங்கிப் படிங்க மேடம். ஓசியில கேட்டா உங்க மேலயே கேஸ் போட்டுடுவேன்!"