நூல் பார்க்கும் வெளிச்சம்

ஒளிரக் கூடாத நூல் ஒளிர்ந்தது.

கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, மின்மீட்டரும் பழைய சப்பாத்துகளும் ஈர மணமும் அடைந்து கிடக்கிற பொந்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குந்தியிருந்த சந்திரகுமார், முழங்காலில் விரித்திருந்த ஜெர்மன் சிப்பாயின் மேற்சட்டை மீது புறஊதா டோர்ச்சை இன்னொரு தரம் ஓட்டினான். கழுத்துப் பட்டி, தோள், கைமடிப்பு. தையல் ஓடிய இடமெல்லாம் நூல் நீலமாய்ப் பல்லைக் காட்டியது.

பல வருடங்களாக அவனுக்குச் சோறு போடுவது இந்த வெளிச்சம்தான். இரண்டாம் உலக யுத்தகாலத்துப் பருத்தி நூல் இதன் கீழே செத்துக் கிடக்கும். பிற்காலத்து நூலில் வெளுப்பு மருந்து சேர்ந்திருப்பதால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மன் யுத்தச் சாமான் சேர்க்கிற லண்டன்காரர்களிடம் சந்திரகுமார் அசல் என்றால் அசல், போலி என்றால் போலி. மறுபேச்சில்லை.

இதே சட்டையைக் காலையில் டகன்ஹாமில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டில், அவள் தேத்தண்ணி போடப் போன நேரம் பார்த்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டு இந்த டோர்ச்சை அடித்துப் பார்த்திருந்தான். ஒரு இழைகூட ஒளிரவில்லை. அருமையான அசல். அவள் திரும்பி வந்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"போலி, மேடம். சினிமாவுக்குத் தைத்தது."

கிழவி தேத்தண்ணித் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். "அப்பா சண்டையிலிருந்து கொண்டுவந்தது. இதை மடியில் வைத்துக்கொண்டு அழுவார். அப்படியென்றால் எங்களுக்குப் பொய்யா சொன்னார்?"

அவன் ஆமென்று தலையாட்டினான். அவள் காசுகூடக் கேட்கவில்லை, கொண்டு போய்விடு என்றாள். வாசலைத் தாண்டும்போது, உள்ளே சுவரிலிருந்த தகப்பனின் படத்தை அவள் கழற்றும் சத்தம் கேட்டது. காருக்குள் ஏறிய பிறகு சந்திரகுமார் சிரித்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. சலவைத்தூள் பட்டிருந்தால் துணி முழுக்க ஒளிரவேண்டும். தையல் மட்டும் ஏன்? சுவர்த்தட்டிலிருந்த பழைய சிப்பாய்த் தொப்பியை எடுத்தான். அவனே அசல் என்று முடிவு சொன்ன தொப்பி. ஒளிர்ந்தது. பதக்க நாடா. ஒளிர்ந்தது. ரொட்டிப் பை. அதுவும்.

தலைக்கு மேலே படி முனகியது.

"என்னப்பா, உந்தப் பிணத்துணியை வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? கட்டில் வரைக்கும் மணக்குது." முதியோர் இல்லத்தில் நைட் ஷிப்ட் முடித்துவந்து பகலில் தூங்குகிற அவன் மனைவி கலாவதி.

"உந்தப் பிணம்தான் உனக்கு வீடு வாங்கித் தந்தது. போய்ப் படு."

"செத்தவன்ர உடுப்பைத் தடவுற கை என்னில படக்கூடாது, சொல்லிப்போட்டன்."

மேலே படுக்கையறைக் கதவு அடைபட்டது. கட்டில் கிறீச்சிட்டது. பிறகு வீடு அடங்கியது.

டோர்ச்சில்தான் பிழை என்று நினைத்தான். நினைத்ததும் நெஞ்சு லேசானது. இன்னொரு டோர்ச் படுக்கையறை மேசை லாச்சிக்குள் இருந்தது. மாடிக்கு ஏறினான். டிசம்பர்ப் பின்னேரம், படியில் வெளிச்சம் வற்றிவிட்டிருந்தது, மேலே படுக்கையறையில் கலாவதி தூங்குவதற்காக மாட்டிய தடித்த திரை மிச்சத்தையும் குடித்துவிட்டிருந்தது. மூலிகைத் தைலமும் ஈரத் தலைமயிரும் மணந்தன. சட்டையின் பழைய கம்பளி மணம் அவனுக்கு முன்னே வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தது போலிருந்தது.

லாச்சியை இழுத்தான். புது டோர்ச்சை அமுக்கினான். வெளிச்சம் தவறிக் கட்டிலில் விழுந்தது.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த கலாவதியின் கழுத்தில், ஒரு காதின் கீழிருந்து மறு காது வரை, நீலமாய் ஒரு கோடு.

டோர்ச்சை அணைத்தான். விரலால் தடவினான். வெறும் தோல். இளஞ்சூடு.

அமுக்கினான். தையல். சின்னச் சின்னதாய், நெருக்கமாய், நேர்த்தியாய்.

அவன் தாலி கட்டிய கழுத்து. அவன் முகம் புதைத்துத் தூங்கிய கழுத்து. இறங்கிப் போயிருக்கலாம். தெரியாமலே அவளோடு வாழ்ந்து முடித்திருக்கலாம். சந்திரகுமாருக்கு அது ஏலாது. சந்தேகம் வந்தால் ஒரு இழை பிரித்து எரித்துப் பார்ப்பதுதான் அவன் வழக்கம். பருத்தி சாம்பலாகும். போலி உருகும்.

பொக்கெட்டிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தான்.

முனை. வெட்டு. இழு.

நூல் வந்தது. அவள் மூச்சு மாறவில்லை. லைட்டரைத் தட்டினான். நூல் சுருண்டது. உருகியது. அவன் விரல் நுனியில் கறுப்பு முத்தாய் ஒட்டிச் சுட்டது.

"துவங்கினா முழுக்கப் பிரிக்கவேணுமப்பா."

கலாவதியின் கண் திறந்திருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பிரிந்த பக்கமாய்த் தலை மெல்லச் சரிந்தது. இரத்தமில்லை. கழுத்தின் திறந்த வாய்க்குள் வெளிச்சம் போனது, போய்க்கொண்டே இருந்தது. அவன் கையிலிருந்து டோர்ச்சை வாங்கினாள். கத்தியையும் வாங்கினாள். அவன் விரல்கள் தடுக்கவில்லை. அவை கனத்துத் துணிபோலத் தொங்கின.

அவன் தாடையை நிமிர்த்தி வெளிச்சத்தை அடித்தாள். அவள் முகம் நீலமானது. அவன் கழுத்திலிருந்துதான் அந்த நீலம் அவள் முகத்தில் விழுந்தது.

"ஆடாதேங்கோ," என்றாள் அன்பாக. அவள் நகம் அவன் காதின் கீழே ஊர்ந்து, நூலின் முனையைத் தேடிப் பிடித்தது.