ட்யூபில் அடங்காத தண்ணீர்

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூபில் இருந்த தண்ணீர் ஒரு நிலையில் நிற்கவில்லை. மேஸ்திரி அதன் ஒரு முனையைச் சமையலறை ஜன்னல் கம்பியிலும், மறு முனையைப் பின்பக்க அஸ்திவாரக் குழியோரம் நட்ட குச்சியிலும் கட்டியிருந்தார். தரைமட்டம் பார்க்க அதுதான் வழி. இந்த முனையில் தண்ணீர் எந்த உயரமோ, அந்த முனையிலும் அதே உயரம். கொஞ்ச நேரம் ஆடும், அப்புறம் கம்மென்று நின்றுவிடும். இதுவோ ஒரு விரல் உயரம் ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது.

"மேஸ்திரி, அந்தப் பக்கம் வாயை வச்சு ஊதாதீங்க!" என்று ஜன்னல் வழியே கத்தினாள் தையல்காரி.

"நான் எங்கக்கா ஊதுறேன்? உள்ள காத்து அடைச்சிருக்கும்." மேஸ்திரியின் குரல் குழிப்பக்கம் இருந்து வரவில்லை. அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அட, போகட்டும் என்று விட்டுவிட்டாள். தலைக்கு மேல் வேலை கிடந்தது. ஹாலில் அப்பா இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் அந்த ஹாலில்தான் உட்கார வேண்டும். "வர்றவங்க போறவங்க எல்லாம் என்னை வேடிக்கை பாக்குறாங்க அம்மாடி. கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்க எனக்குன்னு ஒரு ரூம் கட்டிக் குடு" என்று அவர் கேட்டிருந்தார். அந்த ரூமுக்குத்தான் இந்தக் குழி. இடுப்பளவு தோண்டியதுமே ஊற்று பீறிட்டு, குழி குளமாகிவிட்டது.

"தண்ணி இறைக்கிற மோட்டார் ராத்திரி பூரா ஓடட்டும். காலையில கான்கிரீட் போட்டுடலாம்" என்றார் மேஸ்திரி. "ஆனா ஒண்ணு. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் பயமில்ல. கலங்கி வந்தா, வீட்டுக்கு அடியில இருக்கிற மண்ணை உருவிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். உடனே நிறுத்திடுங்க."

மேஸ்திரி போய்விட்டார். மோட்டார் ஓட ஓடக் குழியில் தண்ணீர் வற்றியது. அப்பாவின் இழுப்பும் தணிந்தது. வருஷக்கணக்கில் எந்த மருந்துக்கும் கேட்காத இழுப்பு! "என்ன அம்மாடி, மோட்டார் எனக்கும் சேத்து மூச்சு விடுதா?" என்று கிண்டல் வேறு செய்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இவர் இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று!

பொழுது சாய்ந்தது. குழிக்கு மேல் தொங்கிய பல்பைச் சமையலறை ஜன்னலோர சுவிட்சில் போட்டுவிட்டு, தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்கப் போனாள். தகரக் கூரையில் தூறல் சொட்டும் சத்தம், மோட்டாரின் உறுமல், ஈரக் களிமண்ணின் வாடை, அதற்குள்ளே இன்னொரு வாடை. முகர்ந்து பார்த்தாள். தினமும் அப்பாவின் நெஞ்சில் அவள் தேய்த்துவிடும் தைலம். அது குழிக்குள்ளிருந்து வந்தது.

மோட்டார் குழாயில் தண்ணீர் காப்பிப் பொடி நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஐயோ என்று உள்ளே ஓடி மோட்டாரை நிறுத்தினாள். வீடே அமைதியானது. அந்த அமைதியில் அப்பாவின் இழுப்பு திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. அவள் கண் ட்யூபின் மேல் விழுந்தது. அவர் மூச்சை இழுத்தால் தண்ணீர் ஏறியது. விட்டால் இறங்கியது. பிசகவே இல்லை.

மறுபடி மோட்டாரைப் போட்டாள். இழுப்பு தணிந்தது. ஹாலில் தரை 'டக்'கென்று வெடித்தது.

"அம்மாடி, கட்டில் சாயுது."

அவள் போன் போட்டுச் சொன்னதும் மேஸ்திரி அலறினார். "நிறுத்துங்கக்கா! அப்பாவைத் தூக்கிக்கிட்டு வெளிய போங்க!"

மோட்டாரை நிறுத்தினால் அப்பாவின் மூச்சு போகும். மோட்டார் ஓடினால் வீடே போகும். கடவுளே, எதை என்று அவள் முடிவு பண்ணுவாள்? நிறுத்தினாள். ஹாலுக்கு ஓடினாள். அவர் கைக்கடியில் தோளைக் கொடுத்தாள். கல்லாய்க் கனத்தார். தொண்டையில் களகளவென்று தண்ணீர் சத்தம். ஒரு இழுப்பு. இன்னொன்று. பாதியில் நின்றது.

"அப்பா. அப்பா!"

நெஞ்சு அசையவில்லை. காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அழுவதற்கு வாயைத் திறந்தவள் நிமிர்ந்தாள். திறந்திருந்த சமையலறைக் கதவு வழியே ட்யூப் தெரிந்தது.

தண்ணீர் ஏறியது. இறங்கியது.

நிதானமாக. இழுப்பே இல்லாமல்.

தட்டுத்தடுமாறி ஜன்னலுக்குப் போனாள். குழியோரக் குச்சியில் முனை இல்லை. அவிழ்ந்து குழிக்குள் விழுந்து கிடந்தது. அப்படியென்றால் இந்த முனையில் தண்ணீரே நிற்கக் கூடாது. எல்லாம் அந்தப் பக்கம் வடிந்திருக்க வேண்டும். நின்றது. ஏறியது. இறங்கியது. குழியில் கலங்கிய நீர், பல்பு வெளிச்சத்தில், விளிம்பு வரை நிறைந்திருந்தது.

ட்யூபுக்குள் ஒரு குமிழி கிளம்பியது. வளைந்து, மெல்ல மெல்ல மேலே வந்து, அவள் முகத்துக்கு நேரே உடைந்தது. தைல வாடை. கூடவே, தினமும் தூங்கப்போகும் முன் கேட்கிற அதே குரல்.

"அம்மாடி, லைட்டை அணைச்சிட்டுப் போ."

பழகிய கை, அவளைக் கேட்காமலே, குழி பல்பின் சுவிட்சை நோக்கி நீண்டது.