கோமதி அளவு

பாளையங்கோட்டையில் இப்போது மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் யாரும் "தேவலையா?" என்று விசாரிப்பதில்லை. "கோமதி வந்தாச்சா?" என்றே கேட்கிறார்கள்.

ஒரு சொட்டு இரத்தத்திலுள்ள ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறைமானி, மாத்திரை பலிக்கிறதா என்பதை மூன்றே நாளில் சொல்லிவிடும். பழைய நிறைமானிகளை நம்ப முடியாது. ஒரே இரத்தத்துக்குக் காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு. அங்குள்ள ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எஸ்தர் அதற்கு வழி கண்டாள். நலமான ஒரே ஆளின் இரத்தத்தைத் தினமும் முதலில் ஓட்டி, அதை வைத்தே மற்றவர்களை அளப்பது. அந்த ஆள், ஆய்வகத்தில் அவளுக்குப் பத்து வருடம் மூத்த கோமதி. நோயாளியின் இரத்தம் கோமதியின் இரத்தத்தோடு ஒத்துவரும்வரை மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இந்தக் கண்டுபிடிப்புக்கான விருது எஸ்தருக்குப் போயிற்று. கோமதிக்கு வயிறு எரிந்தது. தினமும் கையை நீட்டிக் குத்து வாங்குபவள் ஒருத்தி, மேடையேறி மாலை வாங்குபவள் இன்னொருத்தியா?

குணமானவர்கள் சுறுசுறுப்பாக எழுந்தார்கள், குளித்தார்கள், வேலைக்குப் போனார்கள். பிறகு ஆய்வகத்துக்கே சண்டைக்கு வந்தார்கள். ஓரகத்திக்கு மூன்று வாரத்தில் சரியானது தனக்கு மட்டும் ஏன் ஐந்து வாரம் என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் தன்னைவிட நன்றாகத் தூங்குகிறான் என்று ஒருவர் எழுத்துமூலமாகவே புகார் கொடுத்தார்.

எஸ்தர் பதிவுகளைப் புரட்டினாள். குணமான எல்லோருடைய வரைபடத்திலும் பெயர் தெரியாத ஏதோ ஒரு வேதிப்பொருளின் முகடு எழும்பியிருந்தது. கோமதியின் இரத்தத்தில் அது முதலில் தென்பட்டது, விருது அறிவித்த மறுநாள்.

"அக்கா, அன்னைக்கு ஒங்களுக்கு என்ன செஞ்சுது?"

கோமதி மழுப்பத்தான் நினைத்தாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஊரே தன்னைப்போல் வெந்துகொண்டிருக்கும்.

"பொறாமைதான். ஒன்னயப் பார்த்துத்தான்," என்றாள்.

எஸ்தர் கோபப்படவில்லை. இனி தன் இரத்தத்தையே அளவாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, விரலைக் குத்தி ஒரு சொட்டை நிறைமானிக்குள் விட்டாள். இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். அதே முகடு எழுந்தது. கோமதியுடையதைவிட இரண்டு மடங்கு உயரம்.

"கண்டுபிடிச்சது நானு. ஊரெல்லாம் ஒங்க பேரத்தான சொல்லுது," என்று எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோமதிக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இதிலும் இவள் தன்னை முந்திவிட்டாளே என்றுதான் இருந்தது.